பழைய தமிழ் இணையப் பக்கங்களை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990-களின் கடைசியிலிருந்து 2010 வரை தமிழில் இணையத்தில் எழுதப்பட்டவை ஏராளம். கதை, கவிதை, ஊர் வரலாறு, சமையல் குறிப்பு, சண்டை, சமாதானம், இரங்கல் என்று எல்லாமே அதில் உண்டு. அவற்றில் பெரும்பகுதியை இன்று கூகுளில் தேடினால் கிடைக்காது. கிடைக்காதவை எல்லாம் அழிந்துவிட்டன என்று பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. சில வருஷங்களாக நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் பழைய கோப்புகளை மீட்டுக் கொடுத்து வருகிறேன். அப்போது திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை.

பழைய சிடியில் இருந்த கோப்பைத் திறந்தால் ஒரே கிறுக்கலாக இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது. முதலில் அந்தக் கிறுக்கல் எந்த வகை என்று நிதானமாகப் பாருங்கள். வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான்.

சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து, எந்தச் சொல்லுமே அமையாமல் இருந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. உள்ளடக்கம் முழுசாக இருக்கிறது, உங்கள் கணினியில் அந்த ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான்.

பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் வருவது போல் தலையில் கோடும் புள்ளியும் வைத்த எழுத்துகளாக இருந்தால் அது திஸ்கி, டாப், டாம் என்ற பழைய குறிமுறைகளில் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணைகளில்) ஒன்றாக இருக்கலாம். இதுவும் முழுசாக மீட்கக்கூடியதே.

தலையில் சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’, அதை அடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ அடையாளம், அப்புறம் ஏதோ ஒரு குறி, மறுபடி அதே ‘ஏ’ என்று மூன்று மூன்றாக வந்துகொண்டே இருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். அது நல்ல யூனிகோட் தமிழ், அதாவது இன்று எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறிமுறை. யூடிஎஃப்-8 என்ற முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். அந்த மூன்றையும் ஏதோ ஒரு மென்பொருள் தனித்தனி எழுத்தாகப் படித்துவிட்டது. கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் வந்து நிற்கும்.

வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து பாருங்கள்.

எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறியாகவே இருக்கிறதா? இது ஒன்றுதான் கெட்ட செய்தி. தமிழ் தெரியாத ஒரு மென்பொருள் வழியாக அந்தக் கோப்பு போய்வந்தபோது, தனக்குப் புரியாத ஒவ்வொன்றையும் அது கேள்விக்குறியாக மாற்றிச் சேமித்துவிட்டது. அந்தப் பிரதியில் இனி எதுவும் இல்லை. வேறு பிரதி யாரிடமாவது இருக்கிறதா என்று தேட வேண்டியதுதான்.

எதைச் செய்வதற்கு முன்பும் மூலக்கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் கை வையுங்கள். கிறுக்கலாகத் தெரியும் கோப்பைத் திறந்து, அவசரத்தில் ‘சேமி’ அழுத்தியதால் கேள்விக்குறியாகிப் போன கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் இத்தனை விதமான எழுத்துருக்கள்? ஒன்றை வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

அன்றைக்கு ஆளுக்கொரு வழி தேவைப்பட்டது. 1995-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகத் தந்தார். ஈழத்தமிழர் நடுவே பாமினி பரவியது. பத்திரிகைகளும் இதழ்களும் தங்களுக்கென்று தனித்தனி எழுத்துரு வைத்துக்கொண்டன. ஒரு தளத்தைப் படிக்க ஒரு ஃபான்ட், இன்னொன்றைப் படிக்க இன்னொன்று. ‘படிக்க முடியவில்லையா, எழுத்துருவை இங்கே இறக்கிக்கொள்ளுங்கள்’ என்ற வரி இல்லாத தமிழ்த் தளமே அப்போது கிடையாது.

இதை ஒழுங்கு செய்ய 1997-ல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் குறிமுறைகளும் தமிழக அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. அதே காலத்தில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து திஸ்கியை உருவாக்கினார்கள். யூனிகோட் 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், அதைத் திரையில் காட்டும் வசதி விண்டோஸ் 2000-த்தில்தான் வந்தது. எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் நிறுவல் சிடியைத் தேடி எடுத்துப் போட்டு, சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான ஆதரவைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. நம் ஆட்கள் பொறுமையாகக் காத்திருந்தால் பத்து வருஷம் எழுதாமலே இருந்திருப்பார்கள். அவர்கள் கிடைத்ததை வைத்து எழுதினார்கள். அதனால்தான் இன்றைக்கு மீட்பதற்கென்று ஏதோ இருக்கிறது.

பாமினிக்கும் திஸ்கிக்கும் என்ன வித்தியாசம்? மாற்றும்போது அது முக்கியமா?

மிக முக்கியம். திஸ்கி, ஆங்கில எழுத்துகளின் இடத்தைத் தொடாமல் மேல்பாதியில் இருக்கும் 128 இடங்களில் தமிழை வைத்தது. அதனால் ஒரே வரியில் ஆங்கிலமும் தமிழும் சண்டையில்லாமல் இருக்கும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தது. ‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினியில் அடித்தால் கோப்பில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்றால் இகரக் கொக்கி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் மெய்க்குப் புள்ளி. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமே.

இதனால் வரும் தொல்லையை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். டொரன்டோவில் இருக்கும் ஒரு தங்கை, தன் அப்பம்மாவின் நினைவாக 2002-ல் அடித்த கல்வெட்டின் கோப்பை அனுப்பியிருந்தாள். முப்பத்தோராம் நாள் கொடுப்பார்களே, அந்த நினைவு மலர். “அண்ணா, அச்சடிச்ச புத்தகம் ஒண்டும் இப்ப எங்களிட்ட இல்லை. இதுதான் மிச்சம்” என்றாள். முழுசையும் நகலெடுத்து, பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோட்டாக்கும் ‘மாற்றி’ என்ற கருவியில் ஒட்டினேன். தேவாரம் வந்தது, பிள்ளைகளின் பெயர்கள் வந்தன. நடுநடுவே ‘றறற’ என்று ஒன்று வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அச்சகத்தின் இணைய முகவரி அது. பாமினியில் டபிள்யூ என்பது ற. மூன்று டபிள்யூவும் மூன்று ற ஆகிவிட்டன. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் ஆங்கிலக் கடிதங்களும் அப்படியே அர்த்தமில்லாத தமிழாக மாறியிருந்தன.

அதனால் பாமினிக் கோப்பை மொத்தமாக மாற்றாதீர்கள். வேர்டில் ஒரு பாமினிச் சொல்லின் மேல் வைத்து, ‘இதே வடிவமைப்பில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்பதைப் பயன்படுத்தினால் தமிழ்ப் பகுதி மட்டும் தனியே மாட்டும். அதை மட்டும் மாற்றுங்கள்.

காற்புள்ளியையும் கவனியுங்கள். பாமினியில் காற்புள்ளி இருக்கும் இடத்தில் ‘இ’ உட்கார்ந்திருக்கிறது. அடித்தவர் காற்புள்ளியை வேறு ஆங்கில எழுத்துருவில் போட்டிருந்தால், மாற்றி அதையும் ‘இ’ ஆக்கிவிடும். சில தளங்களில் ‘கல்விஇ சுகாதாரம்இ போக்குவரத்து’ என்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்ட இகரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது எழுதியவரின் பிழையில்லை. மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏற்றியதன் அடையாளம்.

எந்த மாற்றியைப் பயன்படுத்துவது?

நீண்ட காலமாகத் தமிழர்கள் பயன்படுத்தியது சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி. உலாவியிலேயே இயங்கும், இடப்பக்கப் பெட்டியில் ஒட்டினால் யூனிகோட் கிடைக்கும். கணினியில் நிறுவிக்கொள்ள நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வர்ட்டர் இருந்தது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது; நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரேயடியாக மாற்ற அதுதான் வசதி.

எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் முதல் பத்தியை மட்டும் எடுத்து ஒவ்வொரு குறிமுறையாகப் போட்டுப் பாருங்கள். முழுக்கத் தப்பானது உடனே தெரிந்துவிடும். ஏமாற்றுவது பாதி சரியாக வருவதுதான். திஸ்கியிலேயே பல பதிப்புகள் உண்டு. தொண்ணூறு சதவீதம் சரியாக வந்து, கிரந்த எழுத்தும் ஔகாரமும் மட்டும் கோணலாக வந்தால் பதிப்பு மாறியிருக்கிறது.

இதையெல்லாம் இப்போது ஏஐ-யிடம் கொடுத்தால் செய்துவிடாதா?

நானும் கொடுத்துப் பார்த்தேன். படிப்பதற்கு அழகாக வருகிறது. ஆனால் குறிமுறை மாற்றம் என்பது கணக்கு. இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஓர் அட்டவணை இருக்கிறது, அதன்படி மாற்றினால் ஒரு புள்ளிகூட மாறாது. ஏஐ அட்டவணையைப் பின்பற்றுவதில்லை, அடுத்து என்ன வரக்கூடும் என்று ஊகிக்கிறது. வட்டார வழக்கில் எழுதியதைத் திருத்தமான தமிழாக்கிவிடும், தெரியாத ஊர்ப்பெயருக்குத் தெரிந்த ஊர்ப்பெயரைப் போட்டுவிடும். நம் பாட்டி சொன்ன சொல் போய் வேறொன்று வந்திருக்கும், நமக்கும் தெரியாது. எனவே மாற்றுவதற்கு மாற்றியையே பயன்படுத்துங்கள். மாற்றி முடித்த பிறகு சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்டச் சொல்லி ஏஐ-யைக் கேட்கலாம். முடிவை மூலத்தோடு ஒப்பிட்டு நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

தமிழாக மாறிவிட்டது. ஆனால் தேடினால் சில சொற்கள் அகப்படவில்லையே?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருக்கலாம். மிக அடிக்கடி மாட்டுவது ஔகாரம். ‘ஔவையார்’ என்பதில் முதல் எழுத்து ஒரே குறி. பலர் ஒ போட்டு அடுத்து ள போட்டு ‘ஒளவையார்’ என்று அடித்திருப்பார்கள். ‘கௌரவம்’, ‘கெளரவம்’ இரண்டையும் உற்றுப் பாருங்கள். இரண்டாவதில் இருப்பது கெ, அப்புறம் ள. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் வாலுக்கும் ள-வுக்கும் ஒரே வடிவம் என்பதால் இந்தப் பழக்கம் வந்தது.

‘கொ’ போன்றவற்றில் இன்னொரு சிக்கல். யூனிகோட்டில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்றே யூனிகோட் சொல்கிறது. நல்ல தேடுபொறிகள் இதைப் புரிந்துகொள்ளும், சின்ன மென்பொருள்கள் புரிந்துகொள்ளாது. ‘ஸ்ரீ’யும் இப்படித்தான்: ஸ-வை வைத்தும் எழுதலாம், 2005-ல் யூனிகோட்டில் சேர்ந்த ஶ-வை வைத்தும் எழுதலாம். திரையில் ஒரே ஸ்ரீதான் தெரியும்.

கண்டுபிடி-மாற்று வசதியில் இவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். ஆனால் ‘கெள’ எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ‘கௌ’ ஆக்கிவிடாதீர்கள். ‘கெளிறு’ என்ற மீன் கௌரவமில்லாமல் போய்விடும். ஒவ்வொன்றையும் பார்த்து மாற்றுங்கள்.

நான் தேடும் தளமே இப்போது இல்லை. என்ன செய்வது?

வேபேக் மெஷினுக்குப் போங்கள். சான்பிரான்சிஸ்கோவில் இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவருகிறது, 2001-ல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. பழைய முகவரியை அங்கே கொடுத்தால் ஆண்டுவாரியாக நாட்காட்டி வரும். வட்டமிட்ட தேதியைச் சொடுக்கினால் அன்று அந்தப் பக்கம் இருந்தபடி திறக்கும்.

கிடைக்கவில்லை என்றால் உடனே விட்டுவிடாதீர்கள். முன்னால் மூன்று டபிள்யூ வைத்தும் இல்லாமலும் பாருங்கள். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் நட்சத்திரக்குறியும் போட்டுப் பாருங்கள். அந்தத் தளத்தில் சேமிக்கப்பட்ட எல்லாப் பக்கங்களின் பட்டியலும் வரும். முகப்பில் இணைப்பு உடைந்திருந்தாலும் உள்ளே கட்டுரை பத்திரமாக இருக்கும். எனக்கு அதிகம் பலன் தந்தது இந்த வழிதான்.

திறந்த பக்கம் கிறுக்கலாக இருந்தால் ஏமாற்றம் அடையாதீர்கள். அன்றைய தளங்கள் பல, இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்யும், பக்கத்தோடு தானாக இறங்கும் டைனமிக் ஃபான்ட்டை நம்பியிருந்தன. எழுத்துரு வராது, எழுத்து இருக்கும். நகலெடுத்து மாற்றியில் போடுங்கள். நகலெடுத்ததும் சரியாக வரவில்லை என்றால், ஆவணப் பக்க முகவரியில் உள்ள 14 இலக்க நேர எண்ணை அடுத்து ஆங்கில ஐ, டி, ஓர் அடிக்கோடு இவற்றைச் சேர்த்தால் ஆர்க்கைவ் தன் பங்குக்கு எதையும் சேர்க்காத மூலப்பக்கம் கிடைக்கும்.

யாஹூ ஜியோசிட்டீஸில் இருந்த இலவசத் தளங்கள் 2009 அக்டோபரில் மூடப்பட்டன. மூடும் முன் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் அள்ளியெடுத்ததில் நிறைய தப்பியிருக்கிறது. அங்கே தமிழ்ப் பக்கம் வைத்திருந்தவர்கள் தேடிப் பாருங்கள்.

பழைய வலைப்பூ இணைப்புகளைச் சொடுக்கினால் வேறு எங்கோ போகிறது அல்லது திறக்கவில்லை. அந்த வலைப்பூக்கள் அழிந்துவிட்டனவா?

முகவரி ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ என்று முடிகிறதா பாருங்கள். 2012 வாக்கில் கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகர், இந்தியாவிலிருந்து படிப்பவர்களை ‘டாட் இன்’ முகவரிக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. நாமும் முகவரிப் பட்டையில் இருந்ததையே நகலெடுத்து ஊரெல்லாம் பகிர்ந்தோம். 2020-ல் அந்த ‘டாட் இன்’ பெயர் கூகுளின் கையைவிட்டுப் போய்விட்டது. வலைப்பூ இருக்கிறது, வாசல்தான் மாறியிருக்கிறது. ‘இன்’ என்பதை ‘காம்’ என்று மாற்றி அழுத்துங்கள். போய்விட்டது என்று நினைத்த எத்தனையோ பதிவுகள் இப்படியே திறந்துகொள்ளும். உங்கள் சொந்தப் பதிவுகளுக்குள்ளும் இந்த ‘டாட் இன்’ இணைப்புகள் இருக்கும், திருத்திவிடுங்கள்.

என் வலைப்பூ இன்னும் இருக்கிறது. கவலையில்லைதானே?

இருக்கிறது என்பதே இன்றைய நிலவரம் மட்டும்தான். இரண்டு ஆண்டுகள் நுழையாமல் விட்ட தனிநபர் கணக்குகளை உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2005-ல் ஆர்வமாகத் தொடங்கி, 2011-ல் விட்டுப்போன வலைப்பூக்கள் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கின்றன! இன்றே ஒருமுறை உள்ளே போங்கள். அமைப்புகளில் ‘காப்புப் பிரதி’ என்பதைச் சொடுக்கிப் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். படங்களைத் தனியே இறக்கிக்கொள்ளுங்கள்.

பின்னூட்டங்களை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் காலத்து வலைப்பூவில் பாதி உயிர் அங்கேதான் இருந்தது. ஒரு பதிவில் ஊர்க் கோயில் தேரைப் பற்றி நாலு பத்தி எழுதியிருப்பார்; கீழே அறுபது பேர் வந்து அவரவர் ஊர்த் தேரைப் பற்றி எழுதியிருப்பார்கள். 2004-ல் தமிழ் வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் வந்த பிறகு, புதுப்பதிவு போட்டால் திரட்டியின் முகப்பில் தெரியும், மதுரைக்காரர் எழுதியதற்கு மெல்பர்ன்காரர் பத்து நிமிஷத்தில் பதில் போடுவார். அப்புறம், புதுப்பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது, கூட்டம் ஃபேஸ்புக்குக்கு நகர்ந்தது, திரட்டிகள் ஓய்ந்தன. பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்து இல்லை. அது உலகக் கணக்கு.

யாஹூ குழுமங்களில் எழுதியவை?

ராயர் காப்பி கிளப், மரத்தடி, அகத்தியர் என்று அந்த மின்னஞ்சல் குழுமங்கள்தான் பலருக்கும் இணையத்தில் முதல் எழுத்துப் பயிற்சிக்களம். 2019 டிசம்பரில் யாஹூ அந்த உள்ளடக்கத்தை நீக்கியது, 2020 டிசம்பரில் சேவையையே நிறுத்தியது. ஆனால் குழும மடல்கள் ஒவ்வொரு உறுப்பினரின் அஞ்சல்பெட்டிக்கும் வந்தனவே! பழைய ஜிமெயிலில் குழுமத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரு நண்பரின் பெட்டியில் மூன்று ஆண்டு மடல்கள் அழிக்கப்படாமல் கிடந்தன. பாதி திஸ்கியில் இருக்கும், அதற்கு மேலே சொன்ன வழியே.

ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன், வாட்ஸ்அப்பில் பகிர்கிறேன். இவை பத்திரமா?

இதில் எனக்கு உண்மையிலேயே பயம் அதிகம். பழைய தளங்கள் எழுத்துருவால் பூட்டப்பட்டிருந்தன, இப்போதுள்ளவை கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கின்றன. ஃபேஸ்புக் பதிவை வேபேக் மெஷினால் பெரும்பாலும் சேமிக்க முடியாது. நுழைவுப் பக்கம்தான் பதிவாகும். தேடினாலும் கிடைப்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் எழுதிய அருமையான நினைவுக் குறிப்பை அவரே தேடி எடுக்க முடியாமல் தவிப்பதைப் பார்க்கிறோம். ஆர்குட் 2014 செப்டம்பரிலும் கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டபோது இதே கதைதான்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு இழப்பு, எழுதியவர் பெயர். நல்ல கட்டுரை ஒன்று பத்துக் கை மாறுவதற்குள் பெயர் உதிர்ந்துவிடும், ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்பு மட்டும் நிற்கும்.

ஃபேஸ்புக்கில் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசகர்கள் அங்கே இருக்கிறார்கள். நீளமாக எழுதியதை ஒரு வலைப்பூவிலும் போட்டுவையுங்கள். ஆண்டுக்கொருமுறை அமைப்புகளுக்குப் போய் ‘உங்கள் தகவலை இறக்குங்கள்’ என்பதைச் செய்யுங்கள்.

பிடிஎஃப் இருக்கிறது. படிக்க முடிகிறது, நகலெடுத்தால் கிறுக்கல் வருகிறது.

பழைய எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள்ளேயே பொதித்து வைத்திருப்பார்கள். சில நேரம் கிறுக்கலை மாற்றியில் போட்டாலே சரியாகிவிடும். ஆகாவிட்டால், படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரிதான் (ஓசிஆர்) வழி. பிடிஎஃப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். தமிழுக்கு நன்றாகவே செய்கிறது. திருத்தும்போது துணைக்காலும் ர-வும் இடம் மாறியிருக்கிறதா, எ என்ற இடத்தில் தமிழ் எண் ௭ வந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணில் படாது, தேடலில் கெடுத்துவிடும்.

யூனிகோட் தமிழுக்கு அநீதி இழைத்தது என்கிறார்களே, அதிலேயே சேமிக்கலாமா?

உயிர்மெய்களுக்குத் தனி இடம் தராதது பெரிய குறை என்ற வாதம் உண்டு. ‘தமிழ்’ என்பதில் நமக்கு மூன்று எழுத்து, யூனிகோட்டில் ஐந்து குறி, கோப்பில் 15 பைட். எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 முறையை 2010-ல் தமிழக அரசு யூனிகோட்டோடு சேர்த்து ஏற்றது. வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் உலகின் எல்லாக் கைபேசியும் தேடுபொறியும் படிப்பது யூனிகோட்டை. அதில் சேமியுங்கள்.

இன்னொருவர் எழுதியதை மீட்டு நான் வெளியிடலாமா?

எழுதியவர் இருந்தால் கேளுங்கள். பலரும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். சிலருக்கு அன்று எழுதியது இன்று வேண்டாமென்று இருக்கும், அதையும் மதிக்க வேண்டும். சட்டப்படி இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரையும், இலங்கையில் 70 ஆண்டு வரையும் பதிப்புரிமை உண்டு. புனைபெயரில் எழுதியதற்கும் உரிமை உண்டு. அனுமதி கிடைக்கும்வரை பத்திரமாக வைத்திருப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை.

மீட்டதை எங்கே வைப்பது?

குறைந்தது இரண்டு இடத்தில், இரண்டு வேறு கைகளில். இலங்கைத் தமிழர் தொடர்பானவை என்றால் 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணைய ஆவணக்காப்பகம் இருக்கிறது. மலர்கள், துண்டறிக்கைகள், கல்வெட்டுகள் என்று மற்றவர்கள் ஒதுக்குவதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பழந்தமிழ் நூல்கள் என்றால், அவற்றை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். அவர்களே திஸ்கியிலிருந்து யூனிகோட்டுக்கு வீடு மாறியவர்கள், உங்கள் சிரமம் புரியும். மற்றவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவில் நீங்களே ஏற்றலாம். அதுவும் 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாட்கள் முடங்கியது. அதனால்தான் இரண்டு இடம் என்கிறேன்.

கோப்பை வெறும் எழுத்துக்கோப்பாக, யூடிஎஃப்-8 முறையில் ஒரு பிரதி வையுங்கள். மேலே எழுதியவர் பெயர், தேதி, எங்கே முதலில் வந்தது, எந்த எழுத்துருவிலிருந்து மாற்றியது என்று நாலு வரி போடுங்கள். மாற்றுவதற்கு முந்தைய மூலக்கோப்பும் கூடவே இருக்கட்டும்.

அப்பா எழுதியவை அவர் கணக்கில் இருக்கின்றன. அவர் காலத்துக்குப் பிறகு?

அவர் இருக்கும்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். கூகுளில் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’ என்றொரு வசதி இருக்கிறது. குறிப்பிட்ட மாதங்கள் கணக்கைத் திறக்காவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் அவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்று அவரே எழுதிவைக்கலாம். பத்து நிமிஷ வேலை. பக்கத்தில் இருந்து செய்துகொடுங்கள்.

அப்படியே பழைய பிளாப்பி, சிடி ஏதாவது அலமாரியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எழுதிய சிடிகள் நாளாக ஆகப் படிக்க முடியாமல் போகும். ஒன்று கணினியில் படிக்கவில்லை என்றால் தூக்கிப் போடாமல் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். டொரன்டோத் தங்கையின் சிடி முதல் கணினியில் சுற்றிக்கொண்டே இருந்ததாம், பக்கத்து வீட்டுக்காரரின் பழைய மடிக்கணினியில்தான் திறந்தது. கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில், அப்பம்மா சொல்லச் சொல்ல யாரோ அடித்துவைத்த ஒடியல் கூழ் செய்முறை இருந்தது. ‘மீன்தலை கட்டாயம்’ என்று அவர் சொன்னபடியே இருந்த வரியில் ஒரு புள்ளிகூட மாறாமல் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அன்றிரவு கணினியை மூடினேன்.